கிளினிக் கொப்பியா, ஓ.பி. சீட்டா: முகாம்வாசிகளின் சுகருக்கும் பிரஷருக்கும் எந்த வழி?

காவிரிப் படுகையின் தலைமாட்டில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இரண்டு உண்டு. ஒன்று திருச்சி விமான நிலையத்தை ஒட்டிய கொட்டப்பட்டில், இன்னொன்று துவாக்குடிக்குப் பக்கம் வாழவந்தான்கோட்டையில். 2021 வரை 'அகதிகள் முகாம்', அதன்பின் அரசாணையில் 'மறுவாழ்வு முகாம்'. 1983-க்குப் பிறகு படகேறி வந்தபோது முப்பது வயதில் இருந்தவருக்கு இன்று எழுபது. அன்று காயத்துக்கும் காய்ச்சலுக்கும் மருந்து கேட்டவர்கள் இப்போது சுகருக்கும் பிரஷருக்கும் கேட்கிறார்கள். காய்ச்சல் மருந்து ஐந்து நாளில் முடிந்துவிடும். இது ஆயுளுக்கும் ஓடும் கணக்கு.

இவர்களைப் போன்ற அகதிகளுக்கு மருத்துவம் கொடுக்க உலகத்தில் மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: முகாமுக்கென்று தனிக் கிளினிக் வைப்பது, உள்ளூர்க்காரர் போகும் அரசு ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துக்கொள்வது, கையில் காப்பீட்டு அட்டையைக் கொடுப்பது. நான் இரண்டாவதன் கட்சி. ஆனால் அதிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.

தனிக் கிளினிக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வாசலிலேயே இருக்கும், முகம் தெரியும், பேச்சு புரியும். புதிதாக வந்திறங்கிய கூட்டத்துக்கு அதுதான் சரி. நாற்பது வருடமாகத் தங்கிவிட்டவர்களுக்கு அல்ல. சுகர்காரருக்குக் கண் பார்க்க வேண்டும், கால் புண் பார்க்க வேண்டும், கிட்னிக்கு ரத்தம் எடுக்க வேண்டும். ஓர் அறைக் கிளினிக்கில் இத்தனையும் நடக்காது. நன்கொடை நின்றால் கிளினிக்கும் நின்றுவிடும்.

ஊர் ஆஸ்பத்திரி விஷயத்தில் ஜோர்டானையும் நம்மூரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. சிரியா அகதிகளுக்கு ஜோர்டான் அரசு ஆஸ்பத்திரிகளில் முதலில் இலவசம். 2014 நவம்பரில் அது போய், காப்பீடு இல்லாத ஜோர்டானியர் கட்டும் கட்டணம் வந்தது. 2018-இல் வெளிநாட்டவர் கட்டணத்தில் 80 விழுக்காடு என்று ஏறியது. 2019-இல் மறுபடி காப்பீடு இல்லாத ஜோர்டானியர் கட்டணத்துக்கே இறங்கியது. ஐந்தே வருடத்தில் ஒரே மாத்திரைக்கு மூன்று விதமான விதி. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் செலவுக்குப் பயந்தால் முதலில் செய்வது ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவதுதான்.

இந்தியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. ஆனாலும் திருவெறும்பூர்ப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முகாம்வாசிக்கென்று தனிக் கட்டணப் பலகை கிடையாது. அங்கே யாருக்குமே கட்டணம் இல்லை என்பதுதான் காரணம். அகதிக்கென்று எழுதிய சட்டம் செய்யாத காரியத்தை எல்லோருக்கும் இலவசம் என்ற பழக்கம் செய்திருக்கிறது. மருத்துவமனைக்குள் 'நீ யார்' என்ற கேள்விக்கே இடமில்லாமல் போவதுதான் பெரிய பாதுகாப்பு என்பது என் கணிப்பு.

அதற்கு மேல் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது. சுகர், பிரஷர் மாத்திரையை மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார். 45 வயதைத் தாண்டியவர்கள், நடமாட முடியாதவர்கள் என்றுதான் வீட்டு விநியோகத்தை வகுத்தார்கள். மூத்தவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு தனிக் கிளினிக்கால் தர முடியாது. சிக்கல் நடுவயது ஆண்களிடம். முகாம் ஆண்களில் பலருக்குப் பெயிண்டிங்தான் தொழில். கோவை, சென்னை என்று வேலை இருக்கும் இடத்தில் வாரக்கணக்கில் தங்குவார்கள். தன்னார்வலர் வரும்போது வீட்டில் ஆள் இல்லை. கதிர் அறுப்பு நாளில் நம் டெல்டா கூலிக்காரர் வீட்டிலும் இதே கதைதான். முகாமுக்கு மட்டும் உரிய குறை இல்லை.

காப்பீட்டுக்கு வருவோம். ஈரான் 2015-இல் அகதிகளைத் தன் பொதுக் காப்பீட்டில் சேர்த்தது. நம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் முகாம்வாசிகளுக்கு வருமான வரம்பே இல்லை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. பிரமாதம்தான், ஆனால் அட்டை பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்த பிறகுதான் பேசும். டயாலிசிஸுக்கும் இதயத்தில் ஸ்டென்ட் வைக்கவும் உதவும். தினசரி மாத்திரைக்கும் 'மூணு மாச சுகர்' டெஸ்டுக்கும் அதை நீட்ட முடியாது. தனியார் கிளினிக்கில் காசு கொடுத்துப் பார்க்கலாம் என்றால், முகாமில் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்ற பெரியவருக்கு 1,000 ரூபாய் என்பது 2021-இல் உயர்த்திய பிறகு வந்த உதவித்தொகை. அட்டையை ஆபத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதையே சிகிச்சைத் திட்டம் என்று சொல்லிக்கொள்வது ஏமாற்று.

இனி, ஊர் ஆஸ்பத்திரி வழியில் இருக்கிறது என்று சொன்ன அந்த ஓட்டை. துருக்கியில் சிரியர்களுக்கு மொழி தடை. அதற்காகச் சிரிய டாக்டர்களையே அகதிகள் சுகாதார மையங்களில் வேலைக்கு வைத்தார்கள். நமக்குத்தான் ஒரே மொழி ஆயிற்றே என்று நினைப்போம். கொட்டப்பட்டு அம்மா ஒருவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, பத்து வருசமா வருத்தம் எண்டு சொன்னன். டாக்டர் பிள்ளை, கவலைப்படாதீங்கம்மா எண்டுது." யாழ்ப்பாணத்தில் வருத்தம் என்றால் நோய், கும்பகோணத்தில் துக்கம். 'சலரோகம்' என்றாலும் இளம் டாக்டர்கள் விழிப்பார்கள்; அது நம் சுகர்தான். முகாமில் பிறந்த பேரப்பிள்ளைகள் திருச்சித் தமிழே பேசுகிறார்கள், அவர்கள் கூட வந்தால் பிரச்சினை இல்லை.

அதே அம்மா இன்னொன்றும் கேட்டார்: "இங்க ஏன் கொப்பி தாறேல்லை?" இலங்கை அரசு ஆஸ்பத்திரிகளில் தொடர் நோயாளி கையில் கிளினிக் கொப்பி, அதாவது ஒரு நோட்டு, இருக்கும். அளவு, மருந்து, அடுத்த தேதி எல்லாம் அதில். இங்கே அவர் வைத்திருப்பது ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் துவாக்குடிச் சீட்டு, திருச்சி பெரியாஸ்பத்திரிச் சீட்டு, மாத்திரை அட்டையின் வெட்டிய ஓரம். கணினியில் பதிவு இருக்கலாம். கோவையில் சாரத்தின் மேல் நிற்கும் அவர் மகனுக்குத் தலை சுற்றினால், அந்த ஊர் டாக்டர் முன்னால் அந்தப் பதிவு வருமா? சட்டைப்பையில் ஒரு கொப்பி இருந்தால் வரும்.

ஆகவே ஊர் ஆஸ்பத்திரிதான், இரண்டு சேர்மானங்களோடு. தன்னார்வலர் முகாமுக்குள் இருக்கும் பெண்ணாகவே இருக்கட்டும். கொப்பியைக் கட்டாயமாக்கட்டும். இன்னொரு யோசனை: உதவித்தொகை கொடுக்கும் நாளில் ஆள் கணக்கும் எடுப்பார்கள், முகாமில் அதை 'செக்கிங்' என்பார்கள்; வெளியூரில் இருப்பவரும் வந்து நிற்பார். பெயிண்டர்களுக்கு பி.பி. பார்க்க அதைவிடத் தோதான நாள் இல்லை. ஆனால் போலீஸ் நோட்டு விரித்த மேசைக்குப் பக்கத்தில் பி.பி. கருவியை வைத்தால் யாருக்கும் எகிறத்தான் செய்யும். மேசையைத் தெருவின் அந்தக் கோடியில் போடலாம், நர்ஸ் மட்டும் இருக்கட்டும்.

திரும்பிப் போக நினைக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. மன்னாரில் கிளினிக் மேசையில் கொப்பி எங்கே என்று கேட்டால், அந்த அம்மாவிடம் இப்போதைக்கு அந்தப் பைதான் இருக்கிறது.