ஐந்து வருடமாக நான் சுமக்கும் நீல ஃபைல்

என் மகனுக்கு ஆறரை வயது. மூளை முடக்குவாதம். இரண்டு கால்களிலும் இறுக்கம், வலது கையிலும் கொஞ்சம். மாவட்ட அரசு மருத்துவமனை வளாகத்தில் இருக்கும் ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு, டி.இ.ஐ.சி. என்று எல்லோரும் சொல்கிற இடத்துக்கு, ஐந்து வருடமாகப் போய்வருகிறோம். இதை முதல் மாதம் எழுதியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இரண்டாம் வருடம் எழுதியிருந்தால் கோயில் கட்டச் சொல்லியிருப்பேன். இப்போது நிதானமாக எழுத முடிகிறது.

எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த பிள்ளை. பதினொரு மாதமாகியும் உட்காரவில்லை. கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டியாகவே வைத்திருந்தான். "குறைமாசப் பிள்ளை மெதுவாத்தான் வரும். அவங்கப்பனே லேட்டாத்தான் நடந்தான்" என்றார் மாமியார். தனியார் மருத்துவர் ஒருவரும் பொறுத்துப் பார்ப்போம் என்றார். குறைமாதக் கணக்கு எனக்கு அப்போது தெரியாது. எத்தனை வாரம் முன்னால் பிறந்ததோ அதை மட்டும் வயதில் கழிக்க வேண்டுமாம். அப்படிப் பார்த்தால் அவனுக்கு ஒன்பது மாதம், உட்கார்ந்திருக்க வேண்டிய வயதுதான்.

வழி காட்டியது அங்கன்வாடி. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கே வரும். அந்த மருத்துவர் பையனை அக்குளில் பிடித்துத் தூக்கினார். கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொண்டன. வேறு எதுவும் சொல்லாமல் மையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அன்று அவனுக்கு ஒரு வயதும் மூன்று மாதமும்.

மையத்தில் குழந்தை மருத்துவர், பிசியோ, பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், கண் பரிசோதகர், சிறப்பாசிரியர் என்று ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். எல்லாம் இலவசம். வெளியே முக்கால் மணி நேர பிசியோவுக்கு 500 ரூபாய் கொடுத்துப் பார்த்தவள் என்பதால் அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் ஒரே கூரையில் இருப்பது வேறு, ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது வேறு. பிசியோ புதன்கிழமை, பேச்சு வெள்ளி, கண் செவ்வாய். எங்கள் ஊரிலிருந்து போக வர 84 கிலோமீட்டர். நான் தையல் வேலை செய்கிறேன், மிஷினை மூடினால் அன்றைக்கு வருமானம் இல்லை. ஆள் மாறும்போதெல்லாம் புதியவர் முதலிலிருந்து கேட்பார்: எத்தனையாவது மாசம் பிறந்தான், பிறந்ததும் அழுதானா, இன்குபேட்டரில் எத்தனை நாள்? மூன்றாவது பிசியோவிடம் சொல்லும்போது பாதியில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுப்பாடம் அதைவிட மோசம். கால் நீட்டல் இத்தனை முறை, நிற்க வைப்பது அரை மணி, கைக்கு மணி கோர்ப்பது, வாய்க்கு ஊதல் என்று மொத்தம் பதினொரு பயிற்சி. ஒவ்வொன்றும் சரியானதுதான். எல்லாவற்றையும் செய்தால் பிள்ளை எப்போது விளையாடுவான், நான் எப்போது சோறாக்குவது?

இரண்டாம் வருடம் வந்த சிறப்பாசிரியர்தான் இதை மாற்றினார். ஃபைலை முழுக்கப் படித்துவிட்டு, மற்ற மூவரையும் பத்து நிமிடம் ஒரே அறைக்கு அழைத்தார். பிறகு என்னைக் கேட்டார்: "காலையில எழுந்ததுலேர்ந்து என்னென்ன பண்றீங்க, சொல்லுங்கம்மா." பதினொன்று மூன்றானது. சப்பாத்தி மாவு பிசையும்போது பையனை மேடையைப் பிடித்து நிற்க வைக்க வேண்டும். வலது கையில் ஒரு உருண்டை. "கொடு", "போடு", "இன்னும்" என்று மூன்றே சொற்கள். கால், கை, பேச்சு மூன்றும் அதிலேயே முடிந்தன. காலைப் பின்னால் மடக்கி உட்காரும் பழக்கத்துக்கு அவன் உயரத்துக்கு ஒரு முக்காலி. எங்கள் ஊர் ஆசாரி மரத்துக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு செய்து கொடுத்தார். எல்லா வருகையும் வியாழக்கிழமைக்கு மாறியது. "இன்னும்" என்ற சொல்லைத்தான் அவன் முதலில் தெளிவாகச் சொன்னான், மாவைக் கேட்டு.

இந்த ஒரு விஷயத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். காலணிக்கு அப்படிக் கொடுக்க முடியாது. கணுக்காலையும் பாதத்தையும் நேராகப் பிடித்து வைக்கும் ஏ.எஃப்.ஓ. என்னும் பிளாஸ்டிக் பிடிமானத்துக்கு அளவெடுத்து, அது கைக்கு வருவதற்குள் பாதம் வளர்ந்துவிடுகிறது. குதிகாலில் சிவப்பு அடையாளம், கழற்றி அரை மணி ஆகியும் மறையாவிட்டால் உடனே காட்டுங்கள், பழகிவிடும் என்று விடாதீர்கள். நாங்கள் விட்டு, புண்ணாகிவிட்டது.

காகித வேலையில் இரண்டைச் சொல்கிறேன். யு.டி.ஐ.டி. என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை முதலில் வாங்கிவிடுங்கள், மற்ற எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்கிறார்கள். அப்புறம் நிராமயா என்னும் மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு. மூளை முடக்குவாதம், ஆட்டிசம் உள்ளவர்கள் இதில் சேர்ந்தால் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபிச் செலவும் சேரும். அசல் ரசீது வேண்டும். முதல் வருட ரசீதுகளை நான் தூக்கிப் போட்டிருந்தேன்.

பள்ளியில் சேர்த்ததும் பழைய கதை திரும்பியது. மையம் சுகாதாரத் துறை, பள்ளிக்கு வரும் சிறப்பாசிரியரும் வட்டார வள மையத்து பிசியோவும் கல்வித் துறை. ஒரு துறைக்காரர் வகுப்பில் பிடிமானம் போடு என்றார், மற்றத் துறைக்காரர் கழற்று என்றார். நான் இடையில் தபால்காரி. கடைசியில் ஒரு நோட்டில் இருவர் சொன்னதையும் எதிரெதிர்ப் பக்கத்தில் எழுதி, இருவரிடமும் நீட்டினேன். அன்றைக்கே போனில் பேசிக்கொண்டார்கள். காலையில் இரண்டு மணி நேரம் போடுவது, பிறகு கழற்றுவது என்று முடிவானது.

அதோடு ஒரு பக்கத்தில் அவன் கதையை எழுதி, பத்து ஜெராக்ஸ் எடுத்து ஃபைலின் முன்னால் வைத்தேன்: பிறந்த வாரம், ஸ்கேனில் வந்தது, செய்ய முடிவது, பயப்படுவது, பிடித்த விளையாட்டு. போன வியாழக்கிழமை ஐந்தாவது பிசியோ வந்திருந்தார், சின்ன வயதுக்காரர். "சொல்லுங்கம்மா, எத்தனையாவது மாசம்..." என்று ஆரம்பித்தார். தாளை நீட்டினேன். படித்து முடித்துவிட்டு என்னைப் பார்க்காமல் பையனிடம் குனிந்து, "தம்பி, ஷூ எங்க கடிக்குது?" என்று கேட்டார்.