நோபிவாக் பைரோ: நாய்களின் பெபீசியா தடுப்பூசி எதற்கு உதவும், எதற்கு உதவாது

ஊசி போட்டாயிற்று, இனி உண்ணி மருந்து வேண்டாம் என்று நிறுத்திவிடுகிறவர்கள் பலர். அந்த நாய்களுக்குத்தான் ஆபத்து அதிகம். பெபீசியா என்பது உண்ணி கடிக்கும்போது நாயின் இரத்தத்தில் புகுந்து சிவப்பணுக்களை அழிக்கும் நுண்ணிய ஒட்டுண்ணி. இந்தத் தடுப்பூசி அதன் தொற்றையே தடுப்பதில்லை.

2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி பெற்ற மருந்து இது. குப்பிக்குள் ஒட்டுண்ணியே கிடையாது. பெபீசியா கேனிஸ், பெபீசியா ராஸி ஆகிய இரு இனங்களை வளர்த்த திரவத்தில் அவை வெளியிட்ட பொருள்கள்தான் உண்டு, கூடவே எதிர்ப்பைத் தூண்டிவிடும் துணைப்பொருளாகச் சேபோனின். நாயைப் படுக்கவைப்பதில் அந்தப் பொருள்களுக்கும் அவை கிளப்பும் அழற்சிக்கும் பெரும் பங்கு உண்டு. உடல் அவற்றை முன்பே அடையாளம் கண்டுகொண்டால், ஒட்டுண்ணி நுழைந்தாலும் சோகையும் நோயின் கடுமையும் குறையும். இதன் பலன் அவ்வளவுதான். பெபீசியா கேனிஸ் பரவியுள்ள பகுதியில் அது சின்ன விஷயமல்ல. பழுப்பு நாய் உண்ணி பரப்பும் பெபீசியா வோகெலி இனமோ, பெபீசியா கிப்சோனி என்ற மற்றோர் இனமோதான் உங்கள் பக்கத்துச் சிக்கல் என்றால் இந்த ஊசியை நம்ப வேண்டாம்.

ஆறு மாதம் நிரம்பிய நாய்க்குத் தோலுக்கடியில் 1 மி.லி.; மூன்று முதல் ஆறு வாரம் கழித்து இரண்டாவது ஊசி. அதற்கும் மூன்று வாரம் கழித்தே பாதுகாப்பு தொடங்கும், ஆறு மாதம்தான் நிற்கும். பெபீசியா கேனிஸைப் பரப்பும் டெர்மசென்டர் ரெட்டிகுலேட்டஸ் உண்ணி குளிர்ந்த பருவத்தில்தான் சுறுசுறுப்பாக இருக்கும், கோடையில் அடங்கிவிடும். ஆகவே ஜூலையில் முதல் ஊசி, ஆகஸ்டில் இரண்டாவது, பிப்ரவரியில் பூஸ்டர் என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். இரண்டு ஊசிக்கும் நடுவே தொற்று வந்தால் பலன் கெடும். அந்த வாரங்களில் புல்வெளிப் பக்கம் போகாதீர்கள். சினையாக இருக்கும் நாய்க்குப் போடக்கூடாது.

ஊசி போட்ட இடத்தில் வலியோடு கெட்டியாக வீங்கலாம், 4 செ.மீ. வரைகூட. பெரும்பாலும் நான்கு நாளில் வடிந்துவிடும். சோர்வு, பசியின்மை, விறைத்த நடை எல்லாம் இரண்டு மூன்று நாளில் சரியாகும். அதைத் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உண்ணி மருந்தைத் தவறாமல் கொடுங்கள். தினமும் காது மடல், அக்குள், விரலிடுக்கு எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டிய உண்ணி கிருமியைக் கடத்தப் பொதுவாக இரண்டு நாளாவது ஆகும். சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ, உதட்டைத் தூக்கிப் பார்க்கையில் ஈறு வெளுத்திருந்தாலோ, ஊசி போட்ட நாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே காதுநுனி இரத்தத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.