கானாடுகாத்தான் வளவில் இரண்டு இரவுகள்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் விடுதியாக மாற்றப்பட்டிருக்கும் நகரத்தார் வீடு ஒன்றில் சென்ற மார்கழியில் இரண்டு இரவுகள் தங்கினோம். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் விடுதியின் பெயரைக் குறிப்பிடவில்லை.

பர்மாவில் கொடுக்கல் வாங்கலில் ஈட்டிய பணத்தில், அங்கிருந்தே கப்பலில் வந்த தேக்கைத் தூணாக நிறுத்திக் கட்டிய வீடு இது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியபின் அந்த வருமானம் நின்றுபோக, பங்காளிகள் வெளியூர்களில் குடியேறினர். வீடு கல்யாணத்துக்கும், முன்னோரை வழிபடும் படைப்புக்கும் மட்டுமே திறக்கப்பட்டது. இப்படிப் பூட்டிக் கிடந்த எத்தனையோ வீடுகள் பிரிக்கப்பட்டு, அவற்றின் நிலைகளும் தூண்களும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே, வீடு விடுதியானதை நான் மனமார வரவேற்கிறேன்.

முற்றத்தை நடுவில் கொண்ட உள்கூடமான வளவைச் சுற்றிய அறைகள் முன்பு ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும், சீர்ச் சாமான்களை வைத்துப் பூட்டிக்கொள்ள ஒதுக்கப்பட்டவை. இன்று விருந்தினர் உறங்கும் அந்த அறைகளில், செதுக்கிய நிலையைத் தொடாமல், அடுத்த அறையைக் குளியலறையாக்கியிருக்கும் நேர்த்தியைப் பாராட்ட வேண்டும். காலையில் வெள்ளைப் பணியாரமும் கவுனி அரிசியும் குறைவின்றிக் கிடைத்தன.

வருத்தம் தருவது முற்றம். நான்கு பக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் மழைநீர் அங்கே இறங்கி வடிகால் வழியே ஊருணிக்குப் போக வேண்டும். வெப்பக் காற்று அதன் வழியே மேலேற வேண்டும். அதன்மேல் பிளாஸ்டிக் தகடு போட்டு மேசைகளை அடுக்கிவிட்டதால், நண்பகலில் வளவில் உட்கார முடியவில்லை. பின்கட்டில் சுண்ணாம்புப் பூச்சின்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். சுவரின் ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு உப்பி உதிர்கிறது. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தபின், முகப்பைப் படமெடுக்கக் கூட்டம் வருகிறது. பின்கட்டுச் சுவரைப் பார்ப்பவர் குறைவு.

ஆண்டுதோறும் படைப்பு நடக்கும் நாட்களில் முன்பதிவு இல்லை என்று சொன்னார்கள். பங்காளிகள் கூடும் அந்த நாட்களில் மட்டும் தகட்டைக் கழற்றி வைப்பார்களாம். கழற்ற முடிகிற தகடுதானே, விருந்தினர் இருக்கும்போதும் கழற்றி வையுங்கள் என்று வருகைப் பதிவேட்டில் எழுதிவிட்டு வந்தேன்.