மழைக்கால மலையேற்றம்: வாட்டர்ப்ரூஃப் பூட்டா, மெஷ் ஷூவா, சாண்டலா?

பருவமழையில் கர்நாடகத்தின் குதுரேமுக் மலை ஏறுவது என்று முடிவானதும் எங்கள் குழுவில் முதலில் கிளம்பிய பேச்சே ஷூவைப் பற்றித்தான். கணுக்காலை மூடும் வாட்டர்ப்ரூஃப் பூட், வலைபோன்ற மெஷ் துணி வைத்த இலகுவான ஷூ, பின்வார் உள்ள சாண்டல். நான் வாங்கியது மெஷ் ஷூ. மற்ற இரண்டையும் போட்டு வந்தவர்களும் இருந்ததால், ஒரே பாதையில் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

விலையில் பெரிய விவாதம் தேவையில்லை. ஓரளவு நல்ல மெஷ் ஷூ இரண்டாயிரம் ரூபாய்க்கு முன்பின் கிடைக்கிறது. வாட்டர்ப்ரூஃப் பூட்டுக்கு அதைப்போல் இரண்டு மடங்காவது எடுத்து வைக்க வேண்டும். எடையிலும் பூட்தான் கனம், ஏற்றத்தில் அது நன்றாகவே தெரியும்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்றுதான்: நனைந்த ஷூ எவ்வளவு சீக்கிரம் காய்கிறது? மேற்குத் தொடர்ச்சி மலையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கால் நனையாமல் நடக்கவே முடியாது. குதுரேமுக் பாதையில் ஓடை மாற்றி ஓடை வரும். தண்ணீர் முழங்காலைத் தொட்டால் எந்த பூட்டிலும் மேல்வாய் வழியாக உள்ளே இறங்கிவிடும். வெளித் தண்ணீரைத் தடுக்கும் அதே படலம் உள்ளே புகுந்ததையும் வெளியே விடாது. பூட் போட்டிருந்த நண்பர் ஒவ்வொரு ஓடைக்குப் பிறகும் பாறையில் உட்கார்ந்து, கயிற்றை அவிழ்த்து, பூட்டைக் கவிழ்த்து, சாக்ஸைப் பிழிந்துகொண்டிருந்தார். என் ஷூவில் பத்துப் பதினைந்து எட்டு வைப்பதற்குள் தண்ணீர் பக்கவாட்டில் பீய்ச்சி வெளியேறிவிட்டது. ஈரம் இருந்தது, ஆனால் கால் ஊறவில்லை. ஊறிய தோலில் கொப்புளம் சுலபமாகக் கிளம்பும்.

அந்தப் படலம் ‘மூச்சு விடும்’ என்று கடையில் சொல்வார்கள். அது வேலை செய்ய வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட வறண்டிருக்க வேண்டும். மழைக்காட்டில் அதற்கு எங்கே போவது? இரவு தங்கிய வீட்டில் உள் அட்டையை உருவி, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, படுக்கும் முன் ஒருமுறை தாளை மாற்றினேன். காலையில் என் ஷூ லேசான ஈரத்துடன் போட்டுக்கொள்ளும் நிலையில் இருந்தது. பூட் முந்தின நாள் கனத்திலேயே கிடந்தது.

காய்வதில் சாண்டலை எதுவும் மிஞ்சாது. ரத்தம் உறிஞ்சும் அட்டை காலில் ஏறினாலும் உடனே கண்ணில் படும். ஆனால் சேறு பாதத்துக்கு அடியில் புகுந்தால் இறக்கத்தில் கால் முன்னால் வழுக்கும். கல்லில் விரல் இடிக்கும், முள்ளும் விடாது. தங்குமிடத்தில் மாற்றிக்கொள்ள ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். மெஷ் ஷூவுக்கு அட்டை சாக்ஸ் கட்டாயம். முழங்கால் வரை ஏறும் நெருக்கமான துணி உறை அது, உள்ளே பேன்ட்டைச் செருகி இறுக்கிக் கட்ட வேண்டும்.

கணுக்கால் பிசகாமலிருக்க பூட்தான் வேண்டும் என்பவர்கள் உண்டு. முதுகில் பெரிய சுமையோடு கல் பாதையில் நடப்பவருக்கு அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு நாள் பையோடு போகிறவர்களுக்கு அவ்வளவு தேவையில்லை. எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பாட்டி 1955-இல், 67 வயதில், 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அப்பலாச்சியன் மலைப்பாதையைச் சாதாரண கேன்வாஸ் ஷூக்களில் நடந்து முடித்தார்.

பூட் வாங்குவதாக இருந்தால் அடிப்பகுதி என்ன பொருள் என்று கேளுங்கள். பாலியூரித்தேன் என்றால், பரணில் சில வருடம் கிடந்தாலே காற்றிலுள்ள ஈரம் பட்டு உள்ளுக்குள் சிதையும், நடக்கும்போது பொடிப்பொடியாக உதிரும். அடிப்பகுதிக்குப் போடும் இன்னொரு பொருளான இ.வி.ஏ. நுரை அப்படி உதிர்வதில்லை, நாளடைவில் அமுங்கும், அவ்வளவுதான்.

இதெல்லாம் நம் பக்கத்து மழைமலைகளுக்கு. பனியில் நான் நடந்ததில்லை. குளிரில் ஈரக்கால் ஆபத்து என்பதால், இமயமலைக்குப் போகிறவர்கள் அங்கே நடந்தவர்களைக் கேட்டு வாங்குவதே நல்லது.

எதை எடுத்தாலும் மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், மலையில் போடப்போகும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். கடையில் சாய்தளம் இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள். கட்டைவிரல் முன்னால் முட்டினால் ஒரு அளவு பெரியதாகக் கேளுங்கள்.