நாலாவது போட்டால் ஆறாவது விழும் ஷிஃப்டர்: மூன்று வருட அனுபவம்

லாரி ஓட்டும் கம்ப்யூட்டர் கேமான யூரோ டிரக் சிமுலேட்டர் 2-இல் ஒரு மலை இறக்கம். ஓட்டிக்கொண்டிருந்தவர் பெரியப்பா. அரசு போக்குவரத்துக் கழகத்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், மதுரை - தேனி ரோட்டில் பல வருடம் ஓட்டியவர். "இது நம்ம ஆண்டிபட்டி கணவாய் கணக்கால்ல இருக்கு" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது கியரில் லாரியைப் பிடித்து இறக்கினார். கை லிவரில்தான் இருந்தது, அசையவே இல்லை. திரையில் 3 என்று இருந்தது திடீரென்று 5 ஆனது, அடுத்த நொடி நியூட்ரல். லாரி உருள ஆரம்பித்து வளைவில் தடுப்பில் போய் முட்டியது.

"டேய், நான் கியரைத் தொடவே இல்லடா. உன் பெட்டிதான் பொய் சொல்லுது" என்றார்.

அந்தப் பொய்யைத் தேடிப் போன கதையும், அந்த ஷிஃப்டரோடு, அதாவது கேமுக்கான கியர் லிவர் பெட்டியோடு, மூன்று வருடம் குடித்தனம் நடத்திய அனுபவமும்தான் இது.

வாங்கியது 2021 ஜூலையில், லாக்டவுன் தளர்ந்த நேரம். கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில், 14,000 ரூபாய்க்கு. 900 டிகிரி சுற்றும் வீல், மூன்று பெடல், தனியாக ஆறு கியர் ஷிஃப்டர். கம்பெனிப் பெயர் வேண்டாம். இந்த அமைப்பில் வரும் ஷிஃப்டர் எதற்கும் இதே வியாதி வரலாம். திருநகரில் எங்கள் வீட்டு மாடி அறையில், பழைய தேக்கு மேஜையில் கிளாம்ப் போட்டு இறுக்கி வைத்தேன். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் வீல் தானாக இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று சுற்றி நடுவில் வந்து நிற்கும். இருட்டில் முதல் தடவை அதைப் பார்த்த அம்மா அப்புறம் ஒரு வாரம் மாடிக்கே வரவில்லை.

முதல் ஒன்பது மாதம் ஒரு குறையும் இல்லை. 2022 ஏப்ரலில்தான் ஆரம்பித்தது. நாலாவது போட்டால் சில சமயம் ஆறாவது விழும். மூன்றாவது ஐந்தாகும். காலையில் ஒழுங்காக இருக்கும், மத்தியானம் மாடி கொதிக்கும்போது படுத்தும்.

நான் முதலில் சந்தேகப்பட்டது எல்லாமே தப்பான ஆட்கள். கேம் செட்டிங்கை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். டிரைவர் சாஃப்ட்வேரைக் கழற்றி மாட்டினேன். யூஎஸ்பியை முன்பக்க போர்ட்டிலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றினேன். வீலையும் ஷிஃப்டரையும் இணைக்கிற ஒன்பது பின் கேபிளைப் பிடுங்கி, பின் வளைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு பின்கூட வளையவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை இதிலேயே போனது.

முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து joy.cpl என்று அடித்தால் கேம் கண்ட்ரோலர் சோதனைப் பக்கம் வரும். ஷிஃப்டரின் ஒவ்வொரு கியரும் அங்கே ஒரு பட்டன். கியர் விழுந்திருக்கும்வரை அதற்குரிய விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். கியரைப் போட்டுவிட்டு லிவரை லேசாக ஆட்டிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, ஐந்து, ஆறு ஆகிய கியர்களின் விளக்குகள் அசையாமல் எரிந்தன. மூன்றும் நாலும் மட்டும் டியூப் லைட் ஸ்டார்ட்டர் மாதிரி துடித்தன; துடிக்கும்போதெல்லாம் ஐந்தோ ஆறோ மின்னி மறைந்தது. கேமே ஓடாதபோதும் இப்படி என்றால் கேம் மேல் பழி போட வழியில்லை.

இந்த ஷிஃப்டர் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அந்தத் துடிப்பே பாதி விடையைச் சொல்லிவிடும். ஆறு கியருக்கு ஆறு சுவிட்ச் கிடையாது. இரண்டு பாட் (பொட்டென்ஷியோமீட்டர்) மட்டும்தான், பழைய ரேடியோவில் சத்தம் கூட்டக் குறைக்கத் திருகுவோமே, அதே சாமான். ஒன்று லிவர் இடமா, நடுவா, வலமா என்று பார்க்கும். இன்னொன்று மேலா, கீழா என்று பார்க்கும். ஒன்று, மூன்று, ஐந்து மேலே; இரண்டு, நாலு, ஆறு கீழே. இரண்டிலிருந்தும் வரும் வோல்டேஜைச் சேர்த்துப் படித்துத்தான் உள்ளே இருக்கிற சிப் 'இது நாலாவது' என்று முடிவு செய்கிறது. நாலு ஆறாகிறது என்றால் கீழே இருப்பது சரியாகத் தெரிகிறது, நடு என்பது மட்டும் வலமாகத் தெரிகிறது. அப்படியானால் கோளாறு இட-வல பாட்டில். நாலு மூன்றாகியிருந்தால் மேல்-கீழ் பாட்டைத்தான் பார்த்திருப்பேன்.

திறந்து பார்த்தேன். அடிப்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி, லெதர் உறையை உருவினால் கியர் தடம் வெட்டின இரும்புத் தகடு, அதற்குக் கீழே பாட்டைத் திருகுகிற பிளாஸ்டிக் கை. கிரீஸ் வெயிலில் இளகி ஒழுகியிருந்தது. அதன் மேல் வெள்ளையாக ஏதோ மாவு மாதிரி படிந்திருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்ததும் புரிந்தது, சுண்ணாம்பு. பொங்கலுக்கு மாடிக்கு வெள்ளையடித்தபோது மானிட்டருக்குப் போர்வை போட்ட நான் ஷிஃப்டரை மறந்திருக்கிறேன்.

அடுத்து செய்ததுதான் முட்டாள்தனம். பக்கத்து வீட்டுத் தம்பி துரு எடுக்கிற ஸ்பிரே கொடுத்தான். "அடிங்கண்ணே, எல்லாம் போயிரும்" என்றான். அடித்தேன். ஒரு வாரம் ஜம்மென்று ஓடியது. அந்த எண்ணெய்ப் பசையில் மறுபடி தூசி ஒட்டி, முன்பைவிட மோசமானது. பாட்டுக்கு எண்ணெய் ஆகாது. உலர்ந்து போகிற கான்டாக்ட் கிளீனர்தான் அடிக்க வேண்டும். ஜூனில் ஒரு டின் வாங்கி, பாட்டின் கால்களுக்கு மேலே இருக்கிற சின்ன இடுக்கில் குழாயை வைத்து அடித்து, லிவரை இடமும் வலமும் ஐம்பது தடவை ஆட்டி, ஒரு மணி நேரம் காயவிட்டேன். நாலு மாதம் நிம்மதி. தீபாவளி முடிந்ததும் பழைய குருடி கதவைத் திறடி.

இதற்கிடையே ஒரு சர்வீஸ் சென்டருக்கும் போன் போட்டேன். ஷிஃப்டருக்குத் தனி சாமான் கிடையாது, புது செட்டு வாங்குங்கள் என்றார்கள். பாட்டைக் கழற்றி சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போனேன்.

டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் ஆறடி அகலக் கடை. சுவர் முழுக்க ரெசிஸ்டர், கண்டென்சர் போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள். கடைக்கார அண்ணன் பாட்டை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, மேஜைக்கு அடியிலிருந்து முள் வைத்த பழைய மீட்டரை எடுத்தார். வீட்டில் என் டிஜிட்டல் மீட்டரில் ஏற்கெனவே பார்த்திருந்தேன். பாட்டின் மூன்று கால்களில் ஓரக்கால் இரண்டுக்கும் நடுவே 10கே (10 கிலோ ஓம் மின்தடை) சரியாகக் காட்டியது என்று சொன்னேன்.

"ஓரத்துல என்ன தம்பி தெரியும்? நடுக்காலைப் பிடிச்சுத் திருகிப் பாக்கணும். நம்பர் மீட்டர்ல இது தெரியாது, முள்ளுதான் சொல்லும்."

ஒரு முனையை ஓரக்காலிலும் இன்னொன்றை நடுக்காலிலும் பிடித்து, தண்டை மெதுவாகத் திருகினார். முள் வழவழவென்று ஏறியது. சரியாக நடுவுக்கு வந்ததும் தொப்பென்று விழுந்து, ஒரு மயிரிழை தாண்டியதும் மறுபடி எழுந்து ஓடியது. திரும்பக் கொண்டுவந்தார். அதே இடத்தில் அதே தொப்.

"நடுவுல கரி தேஞ்சு போச்சு."

எனக்கு அந்த நிமிடம் எல்லாம் விளங்கியது. ஷிஃப்டரில் ஸ்பிரிங் இருக்கிறது; கையை எடுத்தால் லிவர் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் வந்து நிற்கும். ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்குக் கியர் மாற்றினால் பெரும்பாலும் நடுவைத் தொட்டுத்தான் போக வேண்டும். பாட்டுக்குள் இருக்கும் கரித்தடத்தில் அதிகம் உரசல் படுவது அந்த ஒரே இடம்தான். அங்கே தேய்ந்ததும் நடுக்கால் தொடர்பு அறுந்து, சிப்புக்குப் போகும் வோல்டேஜ் எங்கேயோ தாவுகிறது. என்னுடையதில் வலப்பக்கம் தாவியது. சுண்ணாம்பும் கிரீஸும் தேய்மானத்தைச் சீக்கிரம் கொண்டுவந்தன, அவ்வளவுதான். தேய்ந்த இடத்தில் எத்தனை டின் கிளீனர் அடித்தாலும் கரி முளைக்காது.

புது பாட் 35 ரூபாய். அவசரத்தில் டப்பாவைப் பார்த்து நானே ஒன்றை எடுத்தேன். வீட்டுக்கு வந்து மூன்று ஒயரையும் பற்றவைத்து மாட்டினால் மூன்றாவது போட்டால் முதல் கியர் விழுகிறது! அரை மணி நேரம் ஒயரை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் முதுகில் இருந்த எழுத்தைக் கவனித்தேன். ஏ10கே. அது ஆடியோ வால்யூமுக்கான லாக் (லாகரிதமிக்) பாட். பாதி தூரம் திருகினாலும் பத்தில் ஒரு பங்கு, ஒன்றரைப் பங்குதான் ஏறியிருக்கும். அதனால் நடுவில் நிற்கும் லிவர் இடப்பக்கம் நிற்பதாகத் தெரிந்தது. வேண்டியது பி10கே, திருகுகிற அளவுக்குச் சமமாக ஏறுவது. மறுநாள் திரும்பப் போனேன். அண்ணன் சிரித்துவிட்டு மாற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. நான் வெட்கப்பட்டு இன்னும் இரண்டு பி10கே வாங்கிக்கொண்டேன்.

மாட்டும்போது ஒரு விஷயம்: லிவரை நியூட்ரலில் நிறுத்தி, நடுக்காலுக்கும் இரண்டு ஓரக்காலுக்கும் ஏறக்குறைய 5கே வருகிற மாதிரி தண்டைத் திருப்பி வைத்துவிட்டு நட்டை இறுக்க வேண்டும். கொஞ்சம் தள்ளிப் போனாலும் ஒரு பக்கக் கியர்கள் கவ்வாது.

2023 ஜனவரியில் மாற்றியது. அதற்குப் பிறகு மூன்றும் நாலும் ஒரு தடவைகூடத் தாவவில்லை. ஆனால் அந்தத் துரு ஸ்பிரே கடைசியாக ஒரு கணக்கை முடித்துவிட்டுத்தான் போனது. இந்த ஷிஃப்டரில் ரிவர்ஸுக்குத் தனி இடம் இல்லை. லிவரைக் கீழே அமுக்கி ஆறாவது இடத்தில் தள்ள வேண்டும். அமுக்கியதைச் சொல்ல அடியில் ஒரு குட்டி சுவிட்ச். எண்ணெயும் தூசியும் சேர்ந்த களிம்பு அதில் இறங்கி, அமுங்கினது அமுங்கினபடியே நின்றுவிட்டது. நெடுஞ்சாலையில் ஆறாவது போட்டால் ரிவர்ஸ். சுவிட்சைக் கிளீனரில் கழுவி, பத்து நிமிட வேலையில் சரியானது.

இனி ஷிஃப்டரைப் பற்றி நேராகச் சொல்கிறேன். கைக்கு அடக்கமாக இருக்கிறது, ஆனால் கியர் விழும்போது கிடைக்கும் உணர்வு சுமார்தான். நிஜ லிவரின் கனம் இதில் இல்லை, பெரியப்பா இதைப் 'பம்பரம்' என்றுதான் சொல்வார். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் அதன் டக் டக் கீழ் வீடு வரை கேட்கும். காந்தத்தில் வேலை செய்கிற ஹால் சென்சார் ஷிஃப்டர்களில் சென்சாருக்குள் உரசலே கிடையாது, ஆகவே இந்தத் தேய்மானமும் கிடையாது. விலை விசாரித்தேன், நான் மொத்த செட்டுக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல் வந்தது, விட்டுவிட்டேன். இதே ரகத்தைப் பழையதாக வாங்குகிறவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் விற்கிறவரை வீடியோ காலில் அந்தச் சோதனைப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, மூன்றிலும் நாலிலும் லிவரை ஒரு நிமிடம் ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். விளக்கு துடித்தால் ஆயிரம் ரூபாயாவது குறைத்துக் கேளுங்கள், 35 ரூபாய் வேலை என்று அவரிடம் சொல்ல வேண்டாம்.

பெரியப்பா இப்போதும் சாயங்காலம் காபி குடித்துவிட்டு மாடிக்கு வருகிறார். ஓட்டி முடித்ததும் லிவர் மேல் ஒரு பழைய துண்டை விரித்துப் போட்டுவிட்டுத்தான் இறங்குவார். மேல்-கீழ் பாட் இன்னும் கம்பெனி மாட்டி அனுப்பியதுதான். மீதி இரண்டு பி10கேயும் மேஜை டிராயரில் ஒரு மாத்திரை டப்பாவுக்குள் கிடக்கின்றன.