ஸ்டீரால் அளவீட்டு முறைகள்: 11 ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

எண்ணெய், கொழுப்பு ஆகியவற்றில் உள்ள தாவர ஸ்டீரால்களை (தாவரங்களில் உள்ள, கொலஸ்டிராலை ஒத்த பொருள்களை) அளக்கும் பணியில் 11 ஆண்டுகளாக இருக்கிறேன். பெரும்பாலும் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் 12228 முறையையும், ஆலிவ் எண்ணெய்க்குச் சர்வதேச ஆலிவ் மன்றத்தின் முறையையும், அண்மைக் காலமாக ஸ்டீரால் சேர்க்கப்பட்ட கொழுப்புகளுக்கு டி.எல்.சி. தகடு (பொருள்களைப் பட்டைகளாகப் பிரிக்கும் சிலிக்கா பூசிய தகடு) தேவைப்படாத சுருக்க முறையையும் பின்பற்றி வருகிறேன். விடை நல்லதா கெட்டதா என்பது, ஸ்டீரால்களைப் பிரித்து அளக்கும் வாயு வண்ணப்பிரிகைக் கருவிக்குள் ஊசி நுழையும் முன்பே, மேசைமேல் முடிவாகிவிடுகிறது என்பதே மூன்றிலும் நான் கண்டது.

ஐ.எஸ்.ஓ. முறையில் கால் கிராம் எண்ணெயே போதும். அதனுடன் அகத்தரப் பொருளாக (ஒப்பிட்டுக் கணக்கிடுவதற்காகத் தெரிந்த அளவில் சேர்ப்பது) 1 மில்லிகிராம் பெட்யூலின் சேர்த்து, எத்தனாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடுடன் கொதிக்கவைத்துச் சோப்பாக்கி, அலுமினா நிரலின் வழியே செலுத்தினால் சோப்பு நிரலிலேயே தங்க, ஸ்டீரால் அடங்கிய சோப்பாகாப் பகுதி ஈதருடன் இறங்கிவிடும். அதைத் தகட்டில் ஓடவிட்டு, ஸ்டீரால் பட்டையைச் சுரண்டி எடுத்த பிறகே கருவிக்குள் செலுத்துகிறோம். பிரிபுனலைக் குலுக்கிப் பால்மம் உண்டாகி, அது தெளிவதற்காகக் காத்திருக்கும் துன்பம் இதில் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே இம்முறை எனக்கு மிகவும் பிடித்தமானது.

ஆனால் தொடக்க மாதங்களில் என்னை அலைக்கழித்ததும் இதே முறைதான். சூரியகாந்தி எண்ணெயின் மொத்த ஸ்டீராலுக்குக் சர்வதேச உணவுத் தர விதித்தொகுப்பான கோடெக்ஸின் அட்டவணை தரும் வரம்பு கிலோவுக்கு 2,400 முதல் 5,000 மில்லிகிராம் வரை. எனக்கோ திரும்பத் திரும்ப அதற்கும் மேலேயே வந்துகொண்டிருந்தது. கருவியைச் சந்தேகித்தேன், தராசைச் சந்தேகித்தேன், எண்ணெயையே சந்தேகித்தேன். பிழை தகட்டில் இருந்தது. பெட்யூலினில் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் இருப்பதால் அது சிலிக்காவில் ஸ்டீரால் பட்டைக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடும். நான் ஸ்டீரால் பட்டையை மட்டும் ஒட்டச் சுரண்டி எடுத்ததால் பெட்யூலினில் ஒரு பகுதி தகட்டிலேயே தங்கிவிட்டது. அகத்தரப் பொருள் குறைந்தால் கணக்கில் ஸ்டீரால் கூடும். கீழ்ப்பகுதியையும் சேர்த்துச் சுரண்டிய அன்றே எண்கள் வரம்புக்குள் வந்து நின்றன.

ஆலிவ் முறையில் 5 கிராம் எண்ணெயை எடுத்து, ஆல்ஃபா-கொலஸ்டனாலை அகத்தரப் பொருளாகச் சேர்க்கிறோம். ஈதர் அடுக்கை நடுநிலை அடையும்வரை நீரால் கழுவும்போது அவசரப்பட்டால் அரை நாள் போய்விடும். அடுத்து, ஸ்டீரால்கள் கருவியில் எளிதில் ஆவியாவதற்காகப் பிரிடின், ஹெக்சாமெத்தில்டைசிலசேன், டிரைமெத்தில்குளோரோசிலேன் கலவையைச் சேர்க்கும் கட்டத்தில் குப்பியைக் கண்ணருகே பிடித்துப் பார்ப்பது என் வழக்கம். மெல்லிய பால்நிற மங்கல் இயல்பானதே. வெண்திரள் மிதந்தாலோ இளஞ்சிவப்பு தோன்றினாலோ ஈரம் புகுந்துவிட்டது அல்லது வினைபொருள் கெட்டுவிட்டது என்று பொருள், அந்த மாதிரியை மறுபடி தொடங்கவேண்டும்.

தகட்டைத் தவிர்க்கும் சுருக்க முறை நேரத்தை வெகுவாக மிச்சப்படுத்துகிறது. ஸ்டீரால் செறிவூட்டப்பட்ட கொழுப்புகளில் அளவு மிக அதிகம் என்பதால் சிறு இடையூறுகள் அங்கே பொருட்டாவதில்லை. அவற்றுக்கு இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன். கலப்படம் பற்றிய கேள்வி வந்தால் நிலைமை வேறு. ஆலிவ் எண்ணெயின் ஸ்டீரால்களில் கொலஸ்டிரால் 0.5 சதவீதத்தையும், கடுகு இன எண்ணெயைக் காட்டிக்கொடுக்கும் பிராசிகாஸ்டீரால் 0.1 சதவீதத்தையும் தாண்டக்கூடாது. ஆல்ஃபா-டோகோஃபெரால் (வைட்டமின் ஈ) கருவியின் வரைபடத்தில் காட்டும் முகடோ கொலஸ்டிரால் முகட்டின் அருகிலேயே வந்து விழுகிறது. தகட்டில் அதை முன்கூட்டியே பிரிக்காவிட்டால், இல்லாத கொலஸ்டிராலை இருப்பதாக எழுதி ஒரு நேர்மையான எண்ணெய்மீது பழி சுமத்த நேரும். இவ்வளவு சிறிய அளவுகளில் நான் தகட்டைக் கைவிடுவதாயில்லை.

இம்முறைகளில் காரம் ஸ்டீரால் எஸ்டர்களை உடைக்கிறது, சர்க்கரையுடன் பிணைந்த ஸ்டீரால் கிளைக்கோசைடுகளை உடைப்பதில்லை. அவையும் கணக்கில் வரவேண்டுமானால் அமிலத்தால் நீராற்பகுத்தல் தனியாகச் செய்தாகவேண்டும். வாயு வண்ணப்பிரிகைக் கருவியின் நிரல் பழையதானால் டெல்டா-5-அவெனாஸ்டீரால் முகடு பீட்டா-சிட்டோஸ்டீராலின் தோளில் சாய்ந்துகொள்ளும். அது தெரிந்தவுடன் நிரலை மாற்றிவிடுவது நல்லது.

புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் வாரம் நான் கருவியைக் காட்டுவதில்லை. தகட்டின் ஓரத்தில் தூய பெட்யூலினையும் ஸ்டீரால் கலவையையும் தனித்தனிப் புள்ளிகளாக வைத்து ஓடவிட்டு, இரண்டும் நிற்கும் இடங்களைப் பென்சிலால் குறித்த பிறகே அவர்கள் கையில் சுரண்டியைக் கொடுக்கிறேன்.