பிள்ளைக்கு ஓசிடி: மாத்திரையா, இ.ஆர்.பி. தெரபியா?

பிள்ளைக்கு ஓசிடி (வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வந்து, அந்தப் பதற்றம் தணிய ஒரே செயலைச் சடங்கு மாதிரி திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநலப் பிரச்சினை) என்று உறுதியானதும் பெற்றவர்கள் முன்னால் இரண்டு வழிகள் நிற்கும். ஒன்று, மனநல மருத்துவர் எழுதித் தரும் செர்ட்ரலின், ஃப்ளூவாக்செடின் போன்ற, பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தருகிற எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரை. இன்னொன்று, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் வாராவாரம் உட்கார வைத்துச் செய்யும் இ.ஆர்.பி. தெரபி. பிள்ளை எதற்குப் பயப்படுகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடவைத்து, தொட்ட பிறகு வழக்கமாகச் செய்கிற சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்குவதுதான் இ.ஆர்.பி. எட்டாவது படித்துக்கொண்டிருந்த என் மகளுக்கு நாங்கள் தெரபியைத் தேர்ந்தெடுத்தோம். அண்ணன் வீட்டில் அவர்கள் பையனுக்கு மாத்திரையில் ஆரம்பித்தார்கள். இரண்டையும் பார்த்ததில் என் சாய்வு தெரபி பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிப்பவர்கள் கொஞ்சம் கழித்துக்கொண்டு படிக்கலாம்.

அதற்கு முன்னால், இது ஓசிடிதானா என்று கண்டுபிடிப்பதே நம் வீடுகளில் பெரும்பாடு. கை கழுவிக்கொண்டே இருந்தால் ‘சுத்தக்காரி’ என்று மெச்சுவோம். ஒரே விடையை அழித்து அழித்து எழுதினால் படிப்பில் அக்கறை என்போம். குளியலறையில் நேரமானால் வயசு அப்படி என்று விட்டுவிடுவோம். டாக்டர்கள் கேட்பது வேறு: இந்த வேலைகளில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறதா, செய்யவிடாமல் தடுத்தால் பிள்ளை தவித்துப்போகிறதா, பள்ளியும் தூக்கமும் கெடுகிறதா? கண்ணுக்குத் தெரியாத சடங்குகளும் உண்டு. மனசுக்குள் எண்ணுவது, கெட்ட நினைப்பு வந்ததும் அதை ஈடுகட்ட ஒரு ஸ்லோகத்தைச் சரியாக வரும்வரை சொல்வது, “அம்மா, ஒண்ணும் ஆகாதில்ல?” என்று ஓயாமல் கேட்பது. அந்தக் கேள்வியும் ஒரு சடங்குதான் என்பது தெரபி அறையில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

செலவைப் பொறுத்தவரை பேச்சே இல்லை, மாத்திரைதான் மலிவு. இரண்டு மருந்துகளும் ஜெனரிக்கில் கிடைக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் வைத்தியம் இலவசம். தெரபிக்கு எங்கள் ஊரில் ஒரு அமர்வுக்கு ஆயிரத்துக்கு மேல் ஆகிறது. பொதுவாக 12 முதல் 20 அமர்வுகள் வரை போகும். வீட்டில் ஒருவர் அரை நாள் லீவு போட வேண்டியிருக்கும். தினசரி சிரமம் என்று பார்த்தாலும் மாத்திரையை விழுங்க ஒரு நிமிடம், தெரபி வீட்டுப்பாடத்துக்கு ஒரு சாயங்காலம்.

பலன்? 2004-ல் அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையிலான 112 பிள்ளைகளை நான்கு பிரிவாக்கி 12 வாரம் வைத்தியம் பார்த்தார்கள். நோய்க்குறி அநேகமாக ஓய்ந்தவர்கள் செர்ட்ரலின் மட்டும் எடுத்தவர்களில் 21 சதவீதம், தெரபி மட்டும் செய்தவர்களில் 39, இரண்டும் சேர்ந்தவர்களில் 54, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 4. சேர்த்துச் செய்வதுதான் முதலிடம் என்று இதைப் படிக்கலாம், தப்பில்லை. மிதமான அளவில் இருக்கிற பிள்ளைக்குத் தெரபியில் தொடங்கு, கடுமையாக இருந்தால் மாத்திரையையும் சேர் என்றுதான் அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர்கள் சங்கத்தின் 2012 வழிகாட்டுதலும் சொல்கிறது. எங்கள் பெண்ணுக்கு மிதம் என்று டாக்டர் மதிப்பிட்டார். அதனால் எங்களுக்குத் தேர்வு செய்ய இடம் இருந்தது.

என்னைத் தெரபி பக்கம் தள்ளியது இந்தக் கணக்கைவிட வேறொரு விஷயம். ஓசிடி பிள்ளையின் தலைக்குள் மட்டும் இருப்பதில்லை, வீடு முழுக்கப் பரவியிருக்கும். வைத்தியம் முடிந்து பிள்ளை திரும்பி வாழப்போவது அந்த வீட்டில்தான்.

எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொன்னால் விளங்கும். பஸ்ஸில் வந்த உடுப்போடு யாரும் கட்டிலில் உட்காரக் கூடாது என்று மகள் சட்டம் போட்டிருந்தாள், நாங்களும் உட்காரவில்லை. கதவுத் தாழ்ப்பாளை அவள் தொட மாட்டாள், அவளுக்காக நாங்கள் திறந்துவிடுவோம். பள்ளிப் பைக்குத் தனி மூலை. “ஒண்ணும் ஆகாது கண்ணு” என்று நான் ராத்திரி தூங்கப்போகும்வரை சொல்லிக்கொண்டிருப்பேன். எல்லாம் பாசத்தில் செய்வது. ஆனால் ஒவ்வொரு தடவை நாங்கள் ஒத்துப்போகும்போதும், அந்தப் பயம் நிஜம்தான் என்று அவள் மூளைக்கு நாங்களே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. குடும்பம் இப்படி வளைந்துகொடுப்பது கூடக் கூட நோயின் கடுமையும் கூடுதலாகவே இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மாத்திரை பிள்ளையின் பதற்றத்தைக் குறைக்கும். இந்தத் தனி மூலையையும் தாழ்ப்பாள் சேவையையும் அதனால் கலைக்க முடியாது. தெரபியில் அதுதான் முதல் வேலை. சைக்காலஜிஸ்ட் அவளோடு சேர்ந்து பயங்களுக்கு 0-வில் இருந்து 10 வரை மார்க் போட்டார். பையை மடியில் வைப்பது 3, தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் பிஸ்கட் சாப்பிடுவது 6, பஸ் உடுப்போடு தன் தலையணையில் படுப்பது 10. கீழிருந்து ஒவ்வொன்றாகச் செய்துவிட்டு, பதற்றம் தானாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அது இறங்குகிறது என்பதை உடம்பே கற்றுக்கொள்கிறது. எங்களுக்கும் பாடம் இருந்தது. அவள் கேட்டால், “இது ஓசிடி கேக்குற கேள்வி, இதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்டா” என்று சொல்ல வேண்டும். சொல்வதற்குச் சுலபம். பிள்ளை அழும்போது சொல்லிப் பார்த்தால்தான் தெரியும்.

என் மாமியார்தான் பெரிய சவால். பேத்தி தவிப்பதைப் பார்க்கச் சகிக்காமல், நாங்கள் பார்க்காத நேரம் கை கழுவச் சொம்பில் வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். சைக்காலஜிஸ்ட் அவரையும் ஒரு அமர்வுக்கு அழைத்து, “பாட்டி, நீங்க தண்ணி குடுக்குறது பேத்திக்கு இல்ல, நோய்க்கு” என்றார். அத்தை அன்று பேசவில்லை. அந்த வாரத்தோடு சொம்பு நின்றது. அண்ணன் வீட்டில் அப்படி யாரையும் யாரும் கூப்பிடவில்லை. பையன் மாத்திரையில் நன்றாகவே தேறினான், பள்ளிக்கு ஒழுங்காகப் போனான். ஆனால் அண்ணிதான் இன்னமும் அவனுக்காக ஸ்விட்சுகளைச் சரிபார்க்கிறார். மருந்தை மெதுவாகக் குறைக்க ஆரம்பித்தபோது பழைய சந்தேகங்கள் தலைதூக்கின, டோஸைத் திரும்பக் கூட்டினார்கள். எஸ்.எஸ்.ஆர்.ஐ. நிறுத்திய பிறகு ஓசிடி திரும்புவது சகஜம்தான். அதனால்தான் தேறிய பிறகும் ஒரு வருஷமாவது தொடரச் சொல்கிறார்கள். ஒரு பையனை வைத்து எல்லாருக்கும் தீர்ப்பு எழுத முடியாது, அவனுக்கு நோய் எங்கள் மகளைவிடக் கடுமை என்பதும் உண்மை.

தெரபிக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. செர்ட்ரலின் எந்தக் கடையில் வாங்கினாலும் செர்ட்ரலின்தான். தெரபி செய்கிறவரைப் பொறுத்து மாறும். மேலே சொன்ன 2004 ஆய்விலேயே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தெரபி மட்டும் பெற்ற பிள்ளைகள் ட்யூக் பல்கலைக்கழகப் பிள்ளைகளைவிடக் கணிசமாகத் தேறியிருந்தார்கள். அங்கேயே அப்படி என்றால் நம் ஊரில் கேட்க வேண்டாம். ‘கவுன்சிலிங்’ போர்டு வைத்திருப்பவர் எல்லாம் இ.ஆர்.பி. செய்பவர் இல்லை. நாங்கள் முதலில் போன ஒரு இடத்தில் மகளுக்கு மூச்சுப் பயிற்சியும், கிருமியால் ஒன்றும் ஆகாது என்ற ஆறுதலும் கிடைத்தன. ஆறுதலைத்தானே வீட்டில் நாங்களே மணிக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்தோம்! போகும் முன் போனிலேயே கேட்டுவிடுங்கள்: இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்தானா, பிள்ளைகளுக்கு இ.ஆர்.பி. செய்த அனுபவம் உண்டா, பெற்றோரையும் உட்கார வைப்பாரா? மூன்றாவதற்குத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

மாத்திரை தரும் டாக்டரே கையோடு நாலு அறிவுரை சொல்லிவிட்டால் தெரபி கணக்கில் சேராதா என்று அண்ணன் கேட்டார். 2011-ல் இதையும் பார்த்திருக்கிறார்கள். மாத்திரையில் அரைகுறையாகத் தேறிய 124 பிள்ளைகளில், மருந்தோடு முழுத் தெரபியும் பெற்றவர்களில் 69 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். டாக்டரின் சுருக்கமான தெரபி அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 34. மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் 30. அறிவுரை கிட்டத்தட்ட ஒன்றும் சேர்க்கவில்லை.

மாத்திரையின் பயங்களில் பாதி வதந்தி. எஸ்.எஸ்.ஆர்.ஐ. போதை மருந்து இல்லை, ‘மந்தமாக்கி’ வைப்பதற்கான மருந்தும் இல்லை. மீதிப் பாதியைக் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கான சோதனைகளில் தற்கொலை எண்ணம், அது சார்ந்த நடத்தை வெற்று மாத்திரையில் 2 சதவீதமும் மருந்தில் 4 சதவீதமும் இருந்ததால், 2004-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த மருந்துகள் மீது, தன் எச்சரிக்கைகளில் மிகக் கடுமையான கறுப்புக் கட்ட எச்சரிக்கையைப் போட வைத்தது. அந்தச் சோதனைகளில் யாரும் தற்கொலை செய்துகொள்ளவில்லை. ஆனாலும் ஆரம்ப வாரங்களிலும் டோஸ் மாற்றும்போதும் பிள்ளை வழக்கத்துக்கு மாறாகப் பரபரப்பாகவோ எரிச்சலாகவோ தூங்காமலோ இருந்தால் அன்றே டாக்டரைக் கூப்பிட வேண்டும். நாமாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. ஓசிடிக்குப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம் என்பதால் மூன்றாவது வாரத்தில் ‘வேலை செய்யவில்லை’ என்று முடிவுகட்டுவதும் அவசரம். என் வீட்டில் இந்த மருந்து இல்லாததால் இதற்கு மேல் நான் சொல்வது கேள்வி ஞானம்தான்.

தெரபி வேண்டும் என்று நான் சொல்லாத இடங்களும் இருக்கின்றன. பிள்ளை சாப்பாட்டையே தவிர்க்கிறது, அறையை விட்டு வருவதில்லை, சோர்ந்து சாவைப் பற்றிப் பேசுகிறது என்றால் தெரபிஸ்டைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. நேராக மனநல மருத்துவர், தேவைப்பட்டால் அன்றே அவசரப் பிரிவு. பதற்றம் அதிகமாகி ஏணியின் முதல் படியிலேயே கால் வைக்க முடியாத பிள்ளைக்கும் மருந்து கொடுத்துக் கொஞ்சம் இறக்கினால்தான் தெரபியே தொடங்க முடியும். ஆட்டிசமும் சேர்ந்திருந்தால் எது முதலில் என்பதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும், எனக்கு அனுபவமில்லை.

நல்ல தெரபிஸ்ட் இல்லாத ஊர்க்காரர்கள் ஆன்லைனை ஒதுக்க வேண்டாம். ஸ்வீடனில் 152 பிள்ளைகளை வைத்துச் செய்து 2021-ல் வெளியான ஆய்வில், முதலில் இணையவழித் தெரபி, போதாதவர்களுக்கு மட்டும் நேரடித் தெரபி என்ற ஏற்பாடு, எல்லாருக்கும் நேரடித் தெரபி தருவதற்குச் சற்றும் சளைக்கவில்லை. யாரைப் பார்ப்பது என்றே தெரியவில்லையா, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு அழைக்கலாம். இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.